ஜம்ஹரி வீட்டுப் பூவின் நாற்றம்

சகல ஜனங்களுக்கும் அன்று ஒரு மகத்தான செய்தி அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஊரார் காதில், பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாக, முன்னாள் ஊர்த்தலைவர் ஜம்ஹரியே சொன்னார்: "நம் சுமத்திராக் காட்டின் மானமும் மனிதகுலத்தின் பெருமிதமுமாகிய பிணமலர், வரும் புதன்கிழமை மாலை என் வீட்டுக் கொல்லையில் மலர்ந்து நாறும். வட்டார அதிகாரி அவர்கள் நேரில் வந்து முகர்ந்து சிறப்பிப்பார்கள். அனைவரும் வருக."

பூவிடம் யாரும் தேதி கேட்கவில்லை.

ஜம்ஹரிக்கு வேறு வழியும் இல்லை. போன தேர்தலில் பக்கத்து வீட்டுச் சபிரினிடம் தோற்றதிலிருந்து, விருந்துகளில் அவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் வருவதற்கு முன்பே சாப்பிடத் தொடங்கினார்கள். இதோ அடுத்த தேர்தல் வந்துகொண்டிருந்தது. அதிகாரி தன் கொல்லைக்கு வந்து நின்றால் நாற்காலி தானாகத் திரும்பிவிடும் என்று நம்பினார். காப்பித் தோட்டத்தில் கிடைத்த கிழங்கைக் கொண்டுவந்து புதைத்து, வருடக்கணக்காக இலை வருவதையும் வாடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இம்முறை மொக்கு வந்திருந்தது. ஆள் உயரம்.

அறிவிப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் உத்தரவு மனைவி ரோஸ்மானாவுக்கு.

"அந்த லெமேயாக் குழம்புப் பானையைத் தூக்கி எறி. பூவோட நாத்தம் கலப்படம் இல்லாம இருக்கணும்."

"நாத்தத்துல என்னங்க கலப்படம்? மூங்கில் குருத்தும் ஆத்து மீனும் இப்பதான் பதமா புளிச்சு வருது. வர்ற கூட்டத்துக்கு நான் எதைப் போடுறது, உங்க பூவையா?"

ரோஸ்மானா எறியவில்லை. மூங்கில் வேலிக்குப் பின்னால் நிழலில் வைத்து, பானை வாயை வாழையிலையால் கட்டினாள்.

புதன்கிழமை ஊரே வந்தது. அதிகாரியும் வந்தார். ஜாவாக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரும் மொக்கைப் பார்த்தார்கள். மொக்கு யாரையும் பார்க்கவில்லை, இறுக்கமாக மூடியே இருந்தது. ஜம்ஹரி ஏற்கெனவே சொன்ன வரவேற்புரையை மறுபடியும் சொன்னார். வெயில் இறங்கியது. விருந்தாளிகளைப் பட்டினி போடக்கூடாதே என்று ரோஸ்மானா வேலிக்குப் பின்னால் போய்ப் பானையின் கட்டை அவிழ்த்தாள்.

காற்று இந்தப் பக்கம் அடித்தது.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கண்கள் பரவசத்தில் விரிந்தன. "அடேங்கப்பா! மூடியிருக்கும்போதே இப்படின்னா! தலைவர் ஐயா, இது இந்த வட்டாரத்துக்கே கிடைச்ச கௌரவம்!"

பால்குடி வயதிலிருந்தே அந்த நாற்றத்தில் வளர்ந்த, அந்த ஊர் ரெஜாங் இன ஜனங்கள் அத்தனை பேருக்கும் வாயில் எச்சில் ஊறியது. மரியாதை கருதி யாரும் வாய் திறக்கவில்லை. சபிரின் மட்டும் ஜம்ஹரியின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, உங்க பூவுக்கு மிளகாய் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க."

ஜம்ஹரி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்தான். ஆனால் 'தலைவர் ஐயா' என்ற சொல் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. திறந்த வாயைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார். அதிகாரி மொக்கின் தோளில் கை போடுவதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டார், நாற்றத்தின் தேசியப் பயன் குறித்து நெடுநேரம் பேசினார், குழம்பை மறுத்துவிட்டு வண்டியேறினார். ஊரார் பானையைக் காலி செய்தார்கள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மொக்கு விரிந்தது.

கொசுவம் கொசுவமாக, உள்பக்கம் ரத்தச் சிவப்பில், பெரிய குடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் விரிந்தது. நடுத்தண்டு கை வைத்தால் சுட்டது. செத்து ஊறிய எருமையின் நாற்றம் கிளம்பிக் கொல்லையை நிறைத்தது. இத்தனை அழகாக இருக்கும் என்று ஜம்ஹரியே எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு வேலிக்கு ஓடினார்.

"சபிரின்! ஓடி வா!"

சபிரின் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "நேத்தே கொஞ்சம் புளிப்பு ஏறித்தான் இருந்துச்சுண்ணே. இன்னிக்கு ஒரேயடியா கெட்டுப்போச்சு போல. பானையில மிச்சம் இருந்தா கொட்டிடச் சொல்லுங்க அண்ணிய."

"டேய், இது குழம்பு இல்லடா. நிஜப் பூ!"

சபிரின் இப்போது திரும்பினார். "அப்ப நேத்து அதிகாரி மோந்தது?"

அதிகாரி, படம், தலைவர் ஐயா, தேர்தல் எல்லாம் ஜம்ஹரியின் கண்முன் ஒரு வினாடியில் வந்து போயின.

"அதுவும்... பூதான்."

"அதான் பார்த்தாச்சே அண்ணே," என்று சபிரின் கோழிக்கூட்டைச் சாத்தினார். தெருவில் வீடு வீடாக ஜன்னல்கள் மூடிக்கொண்டன. ரோஸ்மானாவும் மூடினாள்.

பூ இரண்டாம் நாளே சாய்ந்துவிட்டது. தேர்தலில் சபிரினே மறுபடி ஜெயித்தார்.