ஏழாம் நாள் நடை

கிரிகரிக்கு அறுபத்தொன்பது வயது. இடுப்பில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். பிரிக்ஃபீல்ட்ஸில், இரண்டாவது மாடியில், தனியாக இருந்தார். கடைசிவரை அங்கேதான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மகள் சாண்ட்ராவோ, நகரத்துக்கு வெளியே செமினியில் தன் வீட்டில் அவருக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ட்டே அடித்து வைத்துவிட்டாள்.

இழுபறியைத் தீர்க்க மருத்துவமனை, நடையைப் பதிவுசெய்யும் இரண்டு சென்சார்களைக் கொடுத்தது. கணுக்காலுக்கு ஒன்றாக ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும். நடை சீராக இருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ், இல்லையென்றால் செமினி. அப்பாவும் மகளும் பேசி வைத்தது அவ்வளவுதான்.

ஆறு நாள் கிரிகரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தார். பாசாருக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வந்தார், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவேண்டுமே! ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தார். காரியம் நடந்த பிறகு செய்வதுதான் வழக்கம். முன்கூட்டியே செய்துவிட்டால் மாதாவால் தட்டிக்கழிக்க முடியாது என்று இவருக்குத் தோன்றிவிட்டது. ஏழாம் நாள் காலை, கட்டிய சென்சாரோடு போய் முட்டி போட்டார். உயிர் போகிற வலி. பீடத்தைத் தொட்டபிறகுதான் எழுந்தார்.

மறுவாரம் மருத்துவமனையில் நுஃமான் என்ற டெக்னீஷியன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "அங்கிள், ஆறு நாள் ரொம்ப நல்லாயிருக்கு லா. ஏழாவது நாள்தான் கீழ விழுந்து, இருபத்திரெண்டு நிமிஷம் தவழ்ந்திருக்கீங்க. தூக்கிவிட யாருமே இல்லையா?"

கூட வந்திருந்த சாண்ட்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

மகள் அழுதால் கிரிகரிக்குத் தாங்காது. "விழலம்மா. நேர்த்தி. கோயில்ல முழங்கால்ல போனேன்."

அழுகை சட்டென்று நின்றது. "என்ன நேர்த்தி?"

"செமினிக்குப் போகக் கூடாதுன்னு."

"என் வீட்டுக்கு வராம இருக்கவா, இந்த இடுப்ப வச்சுக்கிட்டு முட்டி போட்டீங்க?"

கிரிகரிக்கு வெட்கமாகிவிட்டது.

"அந்த ரூமுக்கு என்ன கலர் அடிச்ச?"

"நீலம்ப்பா. மாதா சேலை நீலம்."

ஆக, மாதாவும் மகள் கட்சி. கிரிகரி எழுந்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், சாண்ட்ராவின் கார்வரைக்கும் நடந்தார்.