எல்லாத் திறப்புகளும் மூடியுள்ளன

முப்பத்தோரு வருடம் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, பூட்டாத கதவைக் கண்டால் கை தானாகச் சாவியைத் தேடும். அதனாலேயே பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக்கு அவர் ஆறு வருடமாகச் சங்கத் தலைவர். முகத்துக்கு நேரே எல்லோரும் ‘தலைவர்’ என்பார்கள். லிஃப்ட் கதவு மூடியதும் ‘பூட்டு’ என்பார்கள்.

இந்த வருடம் அவர் கொண்டுவந்தது சென்சார். வீடு தவறாமல், கதவு ஜன்னல் தவறாமல் மாட்ட வைத்தார். சமாசாரம் எளிது. இரண்டு வெள்ளைத் துண்டுகள். சென்சார் சட்டத்தில், காந்தம் கதவில். கதவைத் திறந்து இரண்டும் பிரிந்தால் சைரன் ஊரைக் கூட்டும். நாலாவது மாடிக்குப் புறாவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருகிறது, திருடன் எங்கே வருவான் என்று முதல் மாடிப் பல் டாக்டர் கேட்டார். திருடன் உங்களைக் கேட்டுக்கொண்டு வரமாட்டான் என்று தலைவர் வாயை அடைத்தார். அன்றிலிருந்து டாக்டருக்குத் தலைவர் நாற்காலி மேல் ஒரு கண்.

முதல் வாரம் தலைவர் வீட்டிலேயே சைரன் ஓயவில்லை. மனைவி துணி காயப்போடப் பால்கனிக் கதவைத் திறந்தால் அலறல்; குக்கர் ஆவி போக ஜன்னலைத் தள்ளினால் அலறல். தலைவர் சுற்றறிக்கை விட்டார், சொந்த மனைவிக்கு. ஜன்னல் திறக்க வேண்டுமானால் பத்து நிமிடம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அவர் போனில் சைரனை நிறுத்தி வைப்பார். அவர் குளிக்கும் நேரத்தில் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, பின்பக்கத்தில் காய்கறிப் பட்டியல் எழுதி, அவரையே கடைக்கு அனுப்பினார்.

இரண்டாம் வாரம் வீடு அடங்கியது. மூன்றாம் வாரம் கட்டடமே அடங்கியது. எல்லாம் தன் கண்டிப்பின் பலன் என்று தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டுக்குள் காற்று நன்றாக வீசுவதைக்கூட அந்தக் கண்டிப்பின் சாதனையாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை சங்கத் தேர்தல். டாக்டர் போட்டிக்கு நின்றார். தலைவர் கூட்டத்தை அப்படியே தன் வீட்டுக்கு ஓட்டிவந்து நடுக்கூடத்தில் நின்றார்.

“எந்த ஜன்னலை வேணா திறங்க. சைரன் அடிக்கலைன்னா இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்.”

மனைவி அருகில் வந்து, வேண்டாங்க, சொன்னா கேளுங்க என்று முணுமுணுத்தார். தலைவர் கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

டாக்டர் சமையலறை ஜன்னலைத் திறந்தார். சத்தமில்லை. கூடத்து ஜன்னல், பால்கனிக் கதவு, மூச்சில்லை. வாசல் கதவோ வந்தவர்களுக்காக ஆவென்று திறந்தே கிடந்தது. தலைவர் போனைத் தட்டினார். “எல்லாத் திறப்புகளும் மூடியுள்ளன. வீடு பாதுகாப்பாக உள்ளது” என்று ஒரு பெண் குரல் இனிக்க இனிக்கச் சொன்னது.

தலைவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கதவில் இருக்கவேண்டிய காந்தம் கதவில் இல்லை. சட்டத்தில், சென்சாரை ஒட்டி, கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி நின்றது. எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அதே ஜோடி.

“நான்தான் எடுத்து ஒட்டினேன்,” என்றார் மனைவி. “பிரிஞ்சாத்தானே கத்துது? சேர்த்தே வச்சுட்டேன். ஒரு ஜன்னலுக்கு மனு போட்டுக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருக்கிறது?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடித் தையல்காரம்மா வாயைத் திறந்தார்.

“அக்கா, எங்க வீட்டுல நீங்க ஒட்டினது ஒண்ணு விழுந்துடுச்சு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்.”

கூடத்தில் பலருக்குத் திடீரென்று மின்விசிறியைப் பார்க்கத் தோன்றியது. டாக்டரின் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்தார்.

“போதும் நிறுத்துங்க. நம்ம வீட்டுக்கும் அக்காதான் வந்து ஒட்டினாங்க.”

சொன்ன சொல்லுக்காகத் தலைவர் விலகினார். யாரோ தலைவர் மனைவியின் பெயரை முன்மொழிந்தார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு என்று எண்ணியபோது அவருக்குப் பத்து, டாக்டருக்கு ஒன்று. இன்னொன்று வெற்றுச் சீட்டு. அரசாங்கக் கடிதம்போல விளிம்போடு விளிம்பு பொருந்த மடிக்கப்பட்டிருந்தது.

தீர்மானப் புத்தகம் எழுதும் வழக்கத்தை மட்டும் பழைய தலைவர் விடவில்லை. ‘முன்னாள் தலைவரின் நேரடி வழிகாட்டுதலில் உருவான புதிய தலைவர்’ என்று தொடங்கி அரைப் பக்கம் நிரப்பி, கையெழுத்துக்கு நீட்டினார். புதிய தலைவர் நிதானமாகப் படித்தார். முதல் வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“இப்படி ஜன்னல் பக்கமா வந்து உக்காருங்க,” என்றார். “எப்படி வேர்த்திருக்கு பாருங்க.”