பதினேழு படிகளும் இருபத்தோரு பேரும்

எங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஏற வேண்டிய படிகள் பதினேழு.

அன்ஸ் கலபாஸ் ஊர் மண்டபத்தில் கூடம் மாடியில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அங்கே கூடிச் சங்கம் அமைக்கலாம் என்று எங்கள் தீவின் தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து கடிதம் போட்ட புண்ணியவான் எங்கள் படிக்கட்டைப் பார்த்ததில்லை. நான் கீழே பாதாம் மரத்தடியில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தேன். அன்று காலையிலிருந்து நாற்பது ஆட்டம் ஜெயித்திருந்தேன். சரி, நான்கு.

இஸ்மே சார்லரி சக்கர நாற்காலியில் வந்து படிக்கட்டின் முன்னால் நின்றாள். ஆறு வயதில் போலியோ வந்தவள். ரேடியோ பழுது பார்ப்பவள். அவள் கை படாத ரேடியோ எங்கள் ஊரில் பாடியதில்லை. படியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் நாலு பேர் நல்ல மனதோடு ஓடிவந்து நாற்காலியைத் தூக்கினார்கள்.

"தொடாதே!" என்று கத்தினாள் பாருங்கள், பக்கத்துத் தீவு மார்ட்டினிக்கில் ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டிருக்கும். "பவனியில தூக்கிட்டுப் போற மாதா சிலையா நான்? கீழ வைங்கடா! கூட்டம் இங்கதான். இந்த முதல் படியில."

அப்படியே நடந்தது. இஸ்மே, பார்வை இல்லாத ரொட்டிக்காரர் கிளீட்டஸ், காது கேட்காத கொத்தனார் ஆல்ட்டினஸ். இஸ்மே பேசினாள், ஆல்ட்டினஸ் அவள் உதட்டைப் படித்தார், தன் பதிலைக் கிளீட்டஸின் உள்ளங்கையில் விரலால் எழுதினார், கிளீட்டஸ் அதை உரக்கச் சொன்னார். மரத்தடியில் டொமினோ ஆடிய நாங்கள் சிரித்தோம். 'அடிப்படிச் சங்கம்' என்று பெயரும் வைத்தோம். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சங்கம் வளர்ந்தது கிளீட்டஸின் காதால். விடியற்காலை ரொட்டிக் கூடையோடு வீடு வீடாகப் போவார். காலடியை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார். எறும்பு நடந்தால் ஆணா பெண்ணா என்று சொல்வார். ஒரு நாள் ஃபெலிசியென் அம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"மா ஃபெலிசியென், உங்க வீட்டுல நாலு பேர் நடக்கிறீங்க. அஞ்சாவதா பின்னறையில ஒரு நாற்காலி இழுபடுது. அந்த நாற்காலிக்கு ரொட்டி வேணாமா?"

"உள்ள யாருமில்லப்பா."

"யாருமில்லாத ரூம்ல இருமல் வருதே, மா. மருந்து கொடுங்க. அப்படியே வெளிய வந்து என்கிட்ட ரொட்டி வாங்கிக்கச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் அந்த வீட்டின் பின்னறையிலிருந்து விட்டாலிஸ் என்பவன் அந்த நாற்காலியை ஊன்றி இழுத்தபடி வெளியே வந்து ரொட்டி வாங்கினான். பத்து வருஷமாக ஊர் அவனைப் பார்த்ததில்லை. இப்படிப் பின்னறை பின்னறையாகத் திறந்து, ஒன்றரை வருஷத்தில் அடிப்படியில் இருபது பேர். மீனவர்களுக்கு வலை உலர்த்த இடம் போயிற்று.

அப்போதுதான் மறுபடி கடிதம் வந்தது. சனிக்கிழமை அதிகாரி வருவார்; மண்டபத்துக்குள் இருபத்தோரு பேர் கூடிக் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிவாகும். ஒரு பெயர் குறைந்தாலும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பதிவானால் மண்டபத்தின் கீழறை சங்கத்துக்கு. இல்லாவிட்டால் டொமினோ கிளப்புக்கு.

கிளப்பின் தலைவன் நான். கீழறைச் சாவி என் இடுப்பில்.

இஸ்மே நேராக என்னிடம் வந்தாள். ஊரில் என் பெயர் பிரேக். முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டியும் அதை ஒரு தடவைகூட மிதித்ததில்லை என்பதால் வந்த பெயர்.

"பிரேக் அண்ணே, இருபத்தொண்ணாவது கையெழுத்து நீங்க போடுங்க."

"நானா? எனக்கென்ன குறை?"

"ஒரு கால்."

"அது குறையில்லம்மா. லீவுல இருக்கு."

சர்க்கரை வியாதி என் இடது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. படகு கட்டுகிற ஆள் ஒருவன் படகு மரத்திலேயே எனக்கு ஒரு கால் செதுக்கித் தந்தான். மழைக்காலத்தில் அது தானாகக் கடல் பக்கம் இழுக்கும்.

"அந்த ரூம் வாசல் தெருவோட சமமா இருக்கு, அண்ணே. இந்த ஊர்ல யாரும் தூக்காம நானே உள்ள போறதுக்கு வேற ஒரு இடமும் இல்ல. கோயிலுக்கு ஏழு படி. தபாலாபீஸுக்கு நாலு. உங்களுக்கு டொமினோ ஆட மரத்தடி இருக்கு."

"மழை பெஞ்சா?"

"நீங்க கடைசியா பஸ் ஏறி காஸ்ட்ரீஸ் போனது எப்போ?"

நான் டொமினோ காய்களை அடுக்கத் தொடங்கினேன்.

"மூணு வருஷமாச்சு. பஸ் படி உசரம். ஏறத் தெரியாத பஸ்காரர் இந்தத் தீவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் ஆறு ஆட்டம் தோற்றேன். அது மட்டும் சரியான கணக்கு.

சனிக்கிழமை காலை கூட்மென் கூடியது. ஒரு வீட்டு வேலைக்கு ஊரே கை கொடுக்கும், அந்த வீடு எல்லாருக்கும் சமைத்துப் போடும், அதுதான் கூட்மென். அன்றைக்கு வேலை, மாடிக்கு ஒரு சாய்தளம். ஓர் ஆள் நின்று குளிக்கக்கூடிய பானையில் பூயோன் கொதித்தது; பருப்பும் கிழங்கும் வாழைக்காயும் பன்றி வாலும் போட்டது. பலகை போட்டவர்கள் அதே மீனவர்கள். அவர்களுக்குத் தெரிந்த சாய்வு ஒன்றுதான்: கடலில் படகு இறக்குகிற சாய்வு. ஆல்ட்டினஸ் கோல் வைத்து அளந்து பார்த்தார், தலையை ஆட்டினார், கையை விரித்தார், தரையில் கோடு போட்டுக் காட்டினார். காது கேட்காத மனிதர் சொன்னதைக் காது உள்ள ஒருத்தனும் கேட்கவில்லை. பலகை போட்டு முடித்ததும் ஒருவன், பழக்க தோஷம், படகு வழுக்கி இறங்கத் தடவுகிற சுறா எண்ணெயைக் கொண்டுவந்து மேலிருந்து கீழ்வரை நன்றாகத் தடவிவிட்டான்.

"இதுல ஏறிடுவாங்களா?" என்றேன் நான்.

"நீ ஏறிக் காட்டு, பிரேக்."

"இறங்கியே காட்டுறேன்டா!"

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துத் தத்தி மேலே போனேன். மரக்காலைப் பலகையில் வைத்தேன். அதற்குப் பிறகு மற்றக் காலை வைக்க நேரமில்லை. பூயோன் பானை மட்டும் குறுக்கே வராவிட்டால் அன்று நான் லண்டன் போய்ச் சேர்ந்திருப்பேன். நான் பானைக்கு இந்தப் பக்கம் விழுந்தேன். வார் அறுந்து மரக்கால் பானைக்குள் விழுந்தது.

சரியாக அந்த நேரத்தில் ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கினார். பெயர் திருமதி இப்போலித். சாய்தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"கூட்டம் மண்டபத்துக்குள்ளதான் நடக்கணும். சட்டம்" என்றார்.

"இந்தக் கீழ்ரூமும் மண்டபந்தானே, மேடம்? அதே கூரை" என்றாள் இஸ்மே.

அதிகாரி காகிதத்தைப் படித்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, கூரை ஒண்ணுதான். கதவைத் திறங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இஸ்மே சாவியைக் கேட்கவில்லை. நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சாவி கிலுங்குது. ஆனா நகர மாட்டேங்குது" என்றார் கிளீட்டஸ்.

அந்த நல்ல மனசுக்கார மீனவர்களில் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் என் அக்குளில் கை கொடுத்தான், இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். மீன் மூட்டையைப் போல என்னை ஒரு சாண் உயர்த்தினார்கள்.

"தொடாதே!" என்றேன்.

கத்தியது என் வாய்தான். குரல் மட்டும் எனக்குத் தெரிந்த வேறொரு குரல். இஸ்மேவும் அதைக் கண்டுகொண்டாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்போடு நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பின்கம்பியப் பிடிச்சுக்குங்க, அண்ணே. நான் தூக்க மாட்டேன். நீங்களா எழுந்திரிங்க."

எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தினேன். அவள் சக்கரத்தைத் தள்ளினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாசலுக்குப் போனோம். பூட்டைத் திறந்தேன். முதலில் அவள் உள்ளே போனாள், ஒரு குலுக்கல்கூட இல்லாமல்.

இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளீட்டஸ் பெருவிரல் வைத்தார். பிறகு நான் மேசை முன்னால் நின்றேன்.

"குறைபாடு என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார் அதிகாரி.

"இடது கால், மேடம். இப்போதைக்கு பூயோன்ல இருக்கு."

அப்படியே எழுதியிருக்கிறார். காஸ்ட்ரீஸ் கோப்பில் இன்றும் இருக்கிறது என்று கேள்வி. மரக்காலை எடுத்துவிட்டு அந்தப் பூயோனைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம் என்றார்கள்.

இப்போது சங்கத்தில் முந்நூறு பேர். வெளியூரில் கேட்டால் மூவாயிரம் என்பேன். சங்கம் பதிவான அடுத்த மாதமே ஆல்ட்டினஸ் மண்டபத்தைச் சுற்றி மாடிவரை பாம்பு போல வளைந்து வளைந்து ஒரு சாய்தளம் கட்டினார். அதில் ஏறும்போது குழந்தைகூடத் தூங்கிவிடும். பஸ்களில் படி தாழ்ந்தது. இஸ்மே ஏழு வருஷம் அமைச்சகத்தில் போய் உட்கார்ந்து வாங்கிய படி அது. தாழ்ந்த படியுள்ள முதல் பஸ்ஸில் முதலில் ஏறியது நான். ஓட்டுநருக்கு வழி முழுக்க அறிவுரை சொன்னேன்.

சனிக்கிழமைகளில் கீழறையில் டொமினோ உண்டு. இஸ்மே ரேடியோவைப் போட்டுவிட்டுக் கணக்கு வைப்பாள். எதிரே கிளீட்டஸ். காயைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், அவர் கையில் இருப்பதும் தெரியும், என் கையில் இருப்பதும் தெரியும் போலிருக்கிறது. மேசை அதிரக் காயை அடிப்பார்.

நேற்றும் ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றேன். ஊரில் யாராவது கேட்டால் ஆறுக்கு ஐந்து என்று சொல்லுங்கள்.