ரயிலேறிப் போன பத்து மா

கீழமருதூர்ப் பிடாரியின் மேல் ஆணை, அவள் கையிலுள்ள சூலத்தின் மேல் ஆணை, இன்று காலை நான் குடித்த காப்பியின் மேலும் ஆணை: இதில் ஒரு சொல்கூட என் சொந்தச் சரக்கு இல்லை. அகிலாண்டத்தம்மாளின் பத்து மா நஞ்சை நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், வாய்தா நாள்களில் மோட்டார் ரயிலேறி நன்னிலம் கோர்ட்டுக்குப் போய், வேலை முடிந்ததும் அதே ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. டிக்கெட் எடுக்கவில்லை. வயலுக்கு என்ன கட்டணம் என்று ரயில்வேயில் யாருக்கும் தெரியாததால் கேட்கவும் இல்லை.

கழக ஆட்சி வந்து இரண்டு மூன்று குறுவை அறுத்திருந்த சமயம் அது. கூலி நெல்லுக்கும் குத்தகைப் பங்குக்கும் ஊருக்கு ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. உழுகிறவர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அகிலாண்டத்தம்மாள் அக்கிரகாரத்தில் கணவரை இழந்து தனியாக இருந்தவள். பட்டா அவள் பெயரில் இருந்தது. ரெங்கம்மாள் தெற்குத் தெருக்காரி, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடிப்பவள். அந்தப் பத்து மாவில் அவள் மாமனார் காலத்திலிருந்து சாகுபடி அவர்களுடையது. இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அந்த நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மடியில் முடிந்துகொண்டு போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பொய் சொன்னால் மண் மடியைச் சுடும் என்பார்கள். சுட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பிடியை எடுத்தால் மிச்சமும் பின்னாலேயே கிளம்பிவிடும் என்பது மாட்டுவண்டிக் காலத்தில் தெரியாமல் போயிற்று. மாட்டின் வேகத்துக்கு நிலம் பின்னால் மெல்ல நடந்து வந்திருக்கும், புழுதி என்று நினைத்திருப்பார்கள். மோட்டார் ரயில் வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

வாய்தா நாளில் காலை வண்டி போன பிறகு அந்த இடத்தில் போய்ப் பார்த்தால், கிழக்கே இருக்கும் மீரா சாகிப்பின் வரப்பும் மேற்கே இருக்கும் கோயில் நிலத்து வரப்பும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. தினமும் அங்கே இறங்கும் கொக்குகள் இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பறக்கும். மடையில் வந்த தண்ணீர் எங்கே பாய்வது என்று தெரியாமல் நிற்கும். சாயங்காலம் வண்டி வந்ததும் நிலமும் வந்து படுத்துக்கொள்ளும், ஆனால் ஒருநாளும் ஒழுங்காகப் படுத்ததில்லை. ஒருமுறை தலைகீழாகப் படுத்து, வடக்கு மூலையில் இருந்த களத்துமேடு தெற்கே போய்விட்டது. நாற்றெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களைப் போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ரெங்கம்மாள் போய் ஒரு மூலையைக் காலால் தள்ளிச் சரிபண்ணுவாள். "போய்ட்டு வந்த அலுப்பு, காலைல சரியாப் போயிடும்" என்பாள்.

மோட்டார் ரயில் என்பது ஒரே ஒரு பெட்டி. இஞ்சின் தனியாகக் கிடையாது. டீசல் மோட்டார் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. முன்னால் நான்கு சக்கரம், பின்னால் நான்கு சக்கரம். அந்தந்த நான்கையும் சேர்த்துப் பிடித்து, மேலே பெட்டியைத் தாங்குவது ஒரு இரும்புச் சட்டகம். பார்ப்பதற்குக் கயிற்றுக் கட்டிலின் மரச்சட்டங்களைப் போல, பக்கத்துக்கு ஒரு நீள உத்திரம், நடுவில் குறுக்கு உத்திரம். அந்தப் பின்சட்டகத்தில், குறுக்கு உத்திரமும் இடப்பக்க உத்திரமும் சேருமிடத்தில், வண்டி ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் விரிசல் விட்டது. மழைக்காலத்தில் பஸ் வராத பதினெட்டு ஊருக்கு இந்த ஒரு பெட்டிதான் கதி. பிரசவத்துக்குப் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், வாழையிலைக் கட்டு, மீன் கூடை எல்லாம் இதில்தான். அதனால் விரிசலைச் சரிசெய்ய ரயில்வே ஓர் இஞ்சினியரை அனுப்பியது. வந்தவர் சாமா. கிண்டியில் படித்தவர், இரும்புச் சட்டகம் வரைவதில் கெட்டிக்காரர், அகிலாண்டத்தம்மாளின் ஒரே பிள்ளை.

சாமாவுக்கு உட்காரவே தெரியாது. வண்டி ஓடும்போது பெட்டியின் தரையில் காது வைத்துக் கேட்பார், எழுந்து நடப்பார், ஜன்னலில் தொங்கி அடியில் எட்டிப் பார்ப்பார். முதல் சட்டகத்தைக் கூடுதல் கனமான தகட்டில் செய்தார். அடுத்த மாசமே இடப்பக்கம் விரிந்தது. இரண்டாவதைப் பெட்டிபோல நாலு பக்கமும் மூடி வெல்டிங் செய்து, மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்தார். அதுவும் இடப்பக்கம் விரிந்தது. மூன்றாவது சட்டகம் அத்தனை கெட்டி, அத்தனை விறைப்பு. தண்டவாளம் கொஞ்சம் முறுக்கிக்கொண்ட இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றுகொண்டு வந்தது. அரசலாற்றுப் பாலத்தின் மேல் இடப்பக்க உத்திரம் சத்தத்தோடு முறிந்து, பெட்டி ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து நின்றுவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஒரு பலாப்பழம் போய்விட்டது. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை விரிந்தால் மோட்டார் ரயில் நிறுத்தப்படும், பாதையும் மூடப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி ஓட்டிய இராஜாங்கம் கழகத்துக்காரன், கரைவேட்டி கட்டித்தான் மோட்டாரைத் தொடுவான். "சார், வாய்தா அன்னிக்கு மட்டும்தான் இடது பக்கம் இழுக்குது. ஆத்துல விழுந்தா கட்சி பார்த்தா விழும்? உங்களையும் சேத்துத்தான் கொண்டுபோவும்" என்றான். சாமாவுக்குத் தெரியாத சங்கதி இல்லை அது.

பின்சக்கரத்துக்கு நேர்மேலே வலப்பக்க ஜன்னலோரம் அகிலாண்டத்தம்மாள் உட்காருவாள். அவளுக்கு எதிரே இடப்பக்க ஜன்னலோரம் ரெங்கம்மாள். ஆளுக்கொரு பிடி மண் மடியில். மண் இரண்டு பிடி, நிலம் ஒன்று. ஆனால் இரண்டு பேரும் தன்னுடையது என்று கொண்டுவந்ததால், அதே பத்து மா அந்தப் பக்கம் ஒரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு தடவையும் ஏறியது. வழக்கில் இருக்கும் நிலத்துக்கு மண்ணின் எடை கிடையாது, வாய்தாவின் எடைதான். ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் கொஞ்சம் ஏறும். சட்டகம் வரைகிறவர்கள் பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது என்று முதலில் அம்புக்குறி போட்டுக்கொள்வார்கள். சாமா தன் மூன்று வரைபடங்களிலும் வலப்பக்கம் அம்மாவின் இருக்கைக்குக் கீழே ஒரு பெரிய அம்புக்குறி போட்டு 'நஞ்சை பத்து மா' என்று எழுதியிருந்தார். இடப்பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு 'பெண் ஒருத்தி, கூடை ஒன்று' என்று எழுதியிருந்தார். அதற்கு ஏற்றாற்போல வலப்பக்க உத்திரத்தை மலைபோல் செய்தார். அது ஒருநாளும் விரியவில்லை.

அம்புக்குறியை மாற்றிப் போடுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது ரயில்வே முத்திரை விழும் காகிதம். பத்து மா ரெங்கம்மாளின் மடியிலும் இருக்கிறது என்று சர்க்கார் இஞ்சினியர், அதுவும் பட்டாக்காரியின் சொந்தப் பிள்ளை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை விட்டுவைப்பாரா? அம்மாவுக்கு அந்தப் பத்து மாவைத் தவிர வேறு நிலம் கிடையாது. மாற்றாவிட்டால் அடுத்த வாய்தாவில் வண்டி பாலத்தில் நிற்காது, ஆற்றில்தான் நிற்கும்; அதில் அம்மாவும் இருப்பாள். சாமா வரைபலகைக்கும் வாசலுக்குமாக நடந்தே செருப்பைத் தேய்த்தார்.

நாலாவது சட்டகத்தை வரைவதற்கு முன் ஒரு வாய்தா நாளில் பழைய சட்டகத்துக்கு ஒட்டுப் போட்டு, வண்டியை மாட்டு நடையில் விடச் சொல்லி, இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"ஏண்டி ரெங்கம்மா, போன வருஷப் பங்கு நெல் எங்கே?" என்றாள் அகிலாண்டத்தம்மாள்.

"டி போடாதீங்கம்மா, சர்க்கார் மாறிப்போச்சு."

"சர்க்கார் மாறினா பயிர் வேற மாதிரியா வெளையறது?"

"வெளையறது எல்லாம் வெளையுது. நீங்க கொண்டுபோற வேகத்துக்கு வேர் பிடிச்சாத்தானே? மாசம் ரெண்டு தடவை ரயில்ல இழுத்துக்கிட்டுப் போனா நெல்லு வாந்தி எடுக்காம என்ன செய்யும்?"

"நான் மட்டுமா இழுத்துண்டு போறேன்? உன் மடியில என்ன, பொரிகடலையா?"

"என் மடியில இருக்கறது வயல்னு நீங்களே சொல்லிட்டீங்க. சின்னய்யா, கேட்டுக்கிட்டீங்களா?"

அகிலாண்டத்தம்மாள் கொஞ்ச தூரம் போனதும் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து இருக்கையின் ஓரத்தில் வைத்தாள். ரெங்கம்மாள் ஏதும் கேட்காமல் அதிலிருந்து பாக்கை எடுத்துக்கொண்டு, தன் பொட்டலத்திலிருந்து புகையிலையைக் கிள்ளி அந்தப் பெட்டியில் போட்டாள். பிறகு மறுபடியும் சண்டையைத் தொடங்கினார்கள். ஒருத்தி எழுந்து கத்தும்போது மற்றவள் உட்கார்ந்துகொண்டாள். இவள் எழும்போது அவள் உட்கார்ந்தாள். நிலம் ஒருமுறை இந்தப் பக்கம் அழுத்தியது, ஒருமுறை அந்தப் பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே இரும்பாக இறுக்கிக் கட்டி வைத்தால் எத்தனை கனமான தகடும் தாங்காது என்பது சாமாவின் உள்ளங்காலுக்குப் புரிந்தது.

நாலாவது வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு அம்புக்குறி. இரண்டிலும் 'நஞ்சை பத்து மா'. சட்டகத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு முளையும் ரப்பரும் வைத்துச் சேர்த்திருந்தார். ஒரு பக்கம் தாழும்போது மற்றப் பக்கம் தன்பாட்டுக்கு இருக்கும், ஆனால் பிரியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சட்டகம் பட்டறையிலிருந்து வந்து இறங்கிய அன்று அகிலாண்டத்தம்மாள் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரும்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு உத்திரத்தையும் சாணும் விரலுமாக அளந்தாள்.

"எனக்கு எத்தனை கனமோ அத்தனை கனம் அவளுக்குமாடா?"

"ஆமாம்மா."

"கையெழுத்தும் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"அப்ப வண்டி விழாதோன்னோ?"

"விழாதும்மா."

அவள் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து பிள்ளையோடு பேச்சை விட்டாள். இலையைப் போட்டுவிட்டு, "அந்த இஞ்சினியரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று குழம்புச் சட்டியிடம் சொல்லுவாள். சாமாவும் வந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு போதாவிட்டால் சட்டியிடம்தான் சொல்லுவார். சித்திரை தொடங்கி ஆடி வரை சட்டியின் மூலமாகத்தான் அந்த வீட்டில் நடமாட்டம்.

வாய்தா நாளில் வண்டி பாலமேறியது. இராஜாங்கம் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் தலைவர் படத்தையும் பிடித்துக்கொண்டான். பெண்கள் இருவரும் பாலத்தின் நடுவில் ஒரே சமயத்தில் எழுந்து கத்தினார்கள். சட்டகம் இடப்பக்கம் ஒரு தலையாட்டு, வலப்பக்கம் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு அக்கரை போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அது விரிந்ததே இல்லை. ரெங்கம்மாளின் வக்கீல் வரைபடத்தின் நகலைக் கோர்ட்டில் வைத்தார். ஜட்ஜ் அம்புக்குறிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு பேர் மடி மண்ணையும் மேஜை மேல் அவிழ்க்கச் சொன்னார். மேஜை முறிந்தது. மாங்காய் சீசன் முடிவதற்குள் தீர்ப்பு வந்தது: சாகுபடி ரெங்கம்மாளுக்கு, வருஷத்துக்கு இவ்வளவு நெல் அகிலாண்டத்தம்மாளுக்கு. அன்று சாயங்காலம் அகிலாண்டத்தம்மாள் நேராகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "சாப்பிட வாடா, பாவி" என்றாள்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த மாசம் வாய்தா நாள் வரவேண்டிய அன்று காலையில் ரெங்கம்மாள் களை எடுக்கப் போனால், இரண்டு பக்கத்து வரப்பும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நிலம் ஸ்டேஷனில் போய் நின்றுகொண்டிருந்தது. பழகிவிட்டது. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. வழக்கில்லாத நிலம் தனியாக ஊர் சுற்றுவது கௌரவமில்லை என்று அகிலாண்டத்தம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு புறப்பட்டு வந்தாள். அவளை நம்பி அனுப்ப முடியாது என்று ரெங்கம்மாளும் ஏறினாள். நன்னிலத்தில் நிலம் கோர்ட்டு வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் கிடக்கும். இவர்கள் இரண்டு பேரும் அதற்குக் காவல் இருந்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, சண்டை போட்டுவிட்டு, மூன்றுபேராகத் திரும்பி வருவார்கள். மாசம் இருமுறை அந்த நிலம் ஊரில் இருக்காது என்பதற்கு ஏற்றாற்போல மீரா சாகிப் தண்ணீர்முறையை மாற்றிக்கொண்டார். பயணம் பழகிய நெல் தண்ணீர் குறைவாகக் குடித்தது. ஆட்சிகள் மாறி, தண்ணீர் குறைந்த வருஷங்களிலும் அது விளைந்தது.

அகிலாண்டத்தம்மாள் காலமான பிறகும் ரெங்கம்மாள் நிலத்தைக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். எதிர் ஜன்னலோரம் வெற்றிலைப் பெட்டியை வைத்துவிடுவாள். யாராவது உட்கார வந்தால் "ஆளிருக்கு, தள்ளிப் போங்க" என்பாள். ஒருதரம் சாமா வந்து அடியில் படுத்துச் சட்டகத்தைத் தட்டிப் பார்த்தார். வலப்பக்கம் பாரம் குறையவே இல்லை என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு தகவல்: கீழமருதூர் ரயில்பாதைக்கு நிலம் எடுப்பது சம்பந்தமான வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதால், அந்தப் பாதையில் இதுவரை தண்டவாளம் போடப்படவில்லை.