மென்று கொடுத்த ரொட்டி

கோலாப்பூர் பக்கத்துக் கரும்புக் காட்டில் ஷேவந்தா வெட்டிப் போட, அவள் புருஷன் ஆஷ்ருபா தோகை சீவிக் கட்டிக்கொண்டிருந்தான். பீட் மாவட்டத்திலிருந்து அறுவடைக்கு வந்து நான்கு மாதமாகிறது. டிராக்டர் நிழலில், பல் கல்லூரியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா அவர்களுடைய பதினாலு மாதக் குழந்தை சக்குவின் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு ஷேவந்தாவைக் கூப்பிட்டாள். மேல்வரிசைப் பல் நான்கும் ஈறோரம் பழுப்பாக அரித்திருந்தன.

"என்னக்கா சாப்பிடுறா?"

"தாய்ப்பாலு, டீ. அப்புறம் சோள ரொட்டி. காஞ்சு கெடக்கும், நான் மென்னு குடுப்பேன்."

"உங்க வாயைத் திறங்க."

கடைவாயில் இரண்டு பற்கள் குழியாகக் கிடந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"இவ வயித்துல இருக்கையிலேருந்து."

"பொறக்கும்போது இவ வாயில சொத்தைக் கிருமி இல்லக்கா. கூட இருக்கிறவங்க எச்சில்லதான் வரும். உங்களுக்கு அப்பவே வைத்தியம் பாத்திருந்தா இவளுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. இனிமே மென்னு குடுக்காதீங்க. டீயும் வேணாம். தனியா சோறு குழைய வடிச்சுக் குடுங்க."

ஷேவந்தா தலையாட்டினாள். போன வருஷ அறுவடையில், ஏழாம் மாதத்தில் கன்னம் வீங்கி, ஒரு நாள் லீவு கேட்டுப் போய் நின்றது ஞாபகம் வந்தது. "கரும்பைக் கையாலதானே வெட்டுற? பல்லாலயா?" என்று மேஸ்திரி லிம்பாஜி கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு அவள் கேட்கவேயில்லை.

"சண்டை போட்டாவது போயிருக்கணும்," என்றாள் ஆஷ்ருபாவிடம்.

"நானாவது கேட்டிருக்கணும்," என்றான் அவன்.

மதியம் சக்கு அழுதாள். ஷேவந்தா தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றி ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். அது ஊறுவதற்குள், "ஷேவந்தே, மில்லுக்கு வண்டி போகணும், ஏத்து," என்று லிம்பாஜி சத்தம் போட்டான். விரலால் நசுக்கிப் பார்த்தாள், கல்லாக இருந்தது. அவளை அறியாமல் ஒரு துண்டு அவள் வாய்க்குப் போயிற்று. வலிக்காத பக்கமாக மென்றாள்.

சக்கு அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தாள்.

ஷேவந்தாவின் தாடை அப்படியே நின்றது. மென்றதை விழுங்கிவிட்டு எழுந்தாள். கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி, வண்டியில் சாய்த்திருந்த பலகையில் கால் வைத்தபோது திரும்பிப் பார்த்தாள். குழந்தை இன்னும் வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தது.