மூடித் தைத்த பட்டை

திருச்செல்வம் சொன்ன பொய் மொத்தமே ரெண்டு வார்த்தைதான். "மாட்டல போலருக்குடா." அந்த ரெண்டு வார்த்தை மூணு வாரமா அவனைச் சோறு தின்ன விடல. தட்டுல கை வெச்சதும் எழுந்திரிச்சுப் போயிடறான். சுகர் டெஸ்ட் எடுத்துப் பாருங்கன்னு பொண்டாட்டி மலர் நச்சரிக்கிறா. சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் பண்ணி வெச்ச காரியம் அப்படி.

இவன் யாருன்னு சொல்லிடறேன். கிள்ளான்ல காருக்கும் லோரிக்கும் சீட்டு குஷன் தைக்கிறவன். இருபத்தெட்டு வருசமா அதே தொழில். நாறிப்போன சீட்டைக் குடுத்தாலும் சாயங்காலம் வந்து பார்த்தா புதுசு தோத்துடும். கமலநாதன் அவனோட பள்ளிக்கூடத்து சிநேகிதன். கண்டெய்னர் லோரி ஓட்டுறவன், போர்ட்டுக்கும் சுங்கை பூலோவுக்கும் தினம் ரெண்டு ட்ரிப். லீவு நாள் வந்துட்டா காப்பார் பக்கம் காட்டுப்பன்னி சுடக் கெளம்பிடுவான். முறையா லைசன்ஸ் வெச்சிருக்கான். புதுசா நட்ட செம்பனைக் கன்னையெல்லாம் பன்னி தோண்டிப் போட்டுச்சுன்னா தோட்டத்துக்காரங்களே போன் போட்டு, "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே"ன்னு கெஞ்சுவாங்க.

மரத்து மேல உக்காந்துதான் சுடுவான். மொதல்ல பலகை அடிச்சுப் பார்த்தான், எறும்பு கடிச்சுக் குதிச்சு ஓடியாந்தான். அப்புறம் ஆன்லைன்ல ஒரு பெல்ட்டு வாங்கினான். இடுப்புலயும் தொடையிலயும் மாட்டிக்கிற மாதிரி அகலமா இருக்கும். முன்பக்கம் இடுப்புக்கு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஒரு பட்டை. அந்தப் பட்டையை ஒரு கொக்கியில மாட்டி, கொக்கியை மரத்துல கட்டின கயித்துல கோத்துட்டு, பின்னால சாஞ்சு தொங்க வேண்டியதுதான். கேக்க நல்லாத்தான் இருக்கு. அரை மணி நேரம் தொங்கிட்டு எறங்கினவன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டே வந்தான்.

"செல்வம், நீதான்டா ஏதாவது பண்ணணும். இது உக்கார்ற பெல்ட்டா, தூக்குல போடற பெல்ட்டா?"

விடுவானா திருச்செல்வம்? இந்த மாதிரி வேலைன்னா அவனுக்கு அல்வா சாப்பிடற மாதிரி. பழைய மைவி கார் சீட்டு ஸ்பாஞ்சை வெட்டி மரத்துல முட்டி இடிக்காம இருக்க ரெண்டு மெத்தை தைச்சான். லோரி சீட்டு பெல்ட்டுல முதுகைத் தாங்க ஒரு அகலப் பட்டை. தண்ணி பாட்டிலுக்கும் தோட்டாவுக்கும் இடுப்புல ஒரு பை, அதுக்குச் சத்தம் போடாத மூடி. கால் வெக்கிற பலகைக்கு மேல பழைய டயர் ரப்பர், மழையில வழுக்காது. கமலநாதன் மூணு மணி நேரம் தொங்கிட்டு வந்து, "டேய், எங்க வீட்டு சோபாவை விட நல்லாருக்குடா!"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்கு இவன் நெஞ்சு ஒரு சுத்து பெருத்துப் போச்சு.

அதோட நின்னிருக்கலாம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கறப்போ கமலநாதன் மறுபடி பெல்ட்டைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வந்தான். அசைஞ்சா கொக்கி பட்டையில உரசி கிறீச்சுன்னு கத்துதாம், பன்னி காதைத் தூக்கிட்டு ஓடிடுதாம். "பட்டைக்கு மேல மெத்துன்னு ஒரு உறை போட்டுடு செல்வம்."

உறை தைக்க உக்காந்தப்போதான் பார்த்தான். பட்டை பெல்ட்டுக்குள்ள நுழையற எடத்துல, பெல்ட்டு ஓரத்து இரும்பு வளையம் தேய்ச்சுத் தேய்ச்சு நூல் பிசிறியிருந்துச்சு. கால்வாசி போயிருக்கும். மாத்த வேண்டிய பட்டை அது, எந்தப் பச்சப்புள்ளையும் சொல்லும். ஆனா குஷன் தைக்கிறவன் கையிருக்கே, அது பிசிறைப் பார்த்தா என்ன பண்ணும்? மெஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டி, மேல துணி போட்டு மூடும். இருபத்தெட்டு வருசமா சீட்டுக்குள்ள கிழிசல் இருந்தா அப்படித்தான் பண்ணியிருக்கான். உக்கார்றவன் மேலதானே உக்காரப் போறான், உள்ள என்ன இருந்தா என்ன? தையல் வெளிய தெரிஞ்சா அவமானம்னு நெனக்கிற தொழில் அது. சீட்டுல மூடினா தப்பில்ல. மனுசன் உசுரு தொங்கற பட்டையில மூடினா, அப்புறம் ஏறறதுக்கு முன்னால எடுத்துத் தடவிப் பார்க்கறவனுக்கும் ஒன்னும் தெரியாது.

சொல்லணும்னுதான் நெனச்சான். கமலநாதன் வாங்க வந்தப்போ கடையில நாலு கஸ்டமர், தீபாவளி அவசரம். "சூப்பர்லா!"ன்னு உறையைத் தடவிக்கிட்டே அவன் போயிட்டான். அப்புறம் சொல்லிக்கலாம்னு இவனும் விட்டுட்டான், மறந்தும் போயிட்டான்.

தீபாவளி முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ரெண்டு பேரும் காப்பார் போனாங்க. கமலநாதன் தோட்டத்து ஓரம் ஒரு பழைய ரப்பர் மரத்துல ஏறிட்டான். திருச்செல்வம் காடிய மண் ரோட்டுல நிறுத்திட்டு நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சான். ரெண்டு வாய் தின்னிருப்பான். மடார்னு ஒரு சத்தம், அப்புறம் ஒரு அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தா பதினஞ்சு அடி உயரத்துலேருந்து விழுந்து கெடக்கான். கால் ஒரு பக்கமா திரும்பியிருக்கு. தூக்கறதுக்காகப் பெல்ட்டை அவுத்தான் பாருங்க, அப்பத்தான் உறைக்குள்ளேருந்து அந்தப் பட்டை வெளிய வந்துச்சு. இவன் போட்ட தையல் இருந்த எடத்துலயே ரெண்டாப் போயிருந்துச்சு.

கமலநாதன் பாதி மயக்கத்துல கேட்டான். "எப்படிடா விழுந்தேன்? கொக்கி மாட்டலையா நான்?"

"மாட்டல போலருக்குடா."

அட பாவி! ஆபத்துல கெடக்கறவன்கிட்ட அந்த நேரத்துல உண்மைய முழுசா விளக்கணும்னு யாரும் கேக்கல. சும்மா இருந்திருக்கலாம். "பேசாதடா, பேசாத"ன்னு சொல்லியிருக்கலாம். வாய் தானா அந்தப் பழியைத் தூக்கி அவன் தலையில வெச்சுடுச்சு. பெல்ட்டைச் சுருட்டிக் காடி பின்னால போட்டான். அதுக்கப்புறம் அது அங்கேயேதான் கெடக்கு.

இடுப்பெலும்பு முறிஞ்சு, காலுல கம்பி வெச்சாங்க. அதெல்லாம் ஆறிடும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆறாத ஒன்னு இருக்குன்னு திருச்செல்வத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்ததும் கமலநாதன் ஒரு மாதிரி ஆயிட்டான். வாய் ஓயாத மனுசன் சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கெடந்தான். நாலாம் நாள்தான் சொன்னான்.

"செல்வம், நான் கொக்கி மாட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா. க்ளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஆனா நான் மாட்டலைன்னு நீ வந்து கண்ணால பார்த்திருக்க. அப்போ நடக்காததை நடந்த மாதிரி என் மூளை சொல்லுது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவன் அப்பா கடைசி அஞ்சு வருசம் எல்லாத்தையும் மறந்துட்டுக் கெடந்தவர். சாலாக் செலாத்தான்ல சொந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "இது யாரு வீடு, என்னைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு அழுவாராம். மகனைப் பார்த்து, "பாஸ், நீங்க யாரு?"ன்னு கேப்பாராம்.

அப்பவாவது சொன்னானா? இல்ல. "ச்சே, அப்படியெல்லாம் இருக்காதுடா"ன்னான். இருக்காதுன்னு எவ்வளவு உறுதியாத் தெரியும் அவனுக்கு! தெரிஞ்சும் வாய் அதுக்கு மேல ஒரு அங்குலம் தொறக்கல. சொன்னா முப்பத்தஞ்சு வருச சிநேகம் போயிடுமேன்னு பயம். ஒவ்வொரு நாளும் போகப் போக, இத்தனை நாள் ஏன்டா சொல்லலைன்னு கேப்பானேங்கற பயமும் சேர்ந்துக்கிச்சு.

கமலநாதன் பொண்டாட்டி ரமணி ஒரு வேலை குடுத்தா. "அண்ணே, இவருக்கு ஞாபகம் இருக்கான்னு தினம் கொஞ்சம் கேளுங்கண்ணே. நான் கேட்டா எரிஞ்சு விழறாரு. நீங்கன்னா கேப்பாரு." அன்னையிலேருந்து கடையை மூடிட்டு சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டான். மேருவுக்கு அடுத்து எந்த டோல்? போன வருசம் லோரி நம்பர் என்ன? அஞ்சாம் வகுப்பு டீச்சர் பேரு என்ன? கமலநாதன் நெத்தி வேர்க்க வேர்க்கப் பதில் சொன்னான். சரியாச் சொன்னாலும் தன்னை நம்ப மாட்டான். ஒன்னு தப்பினா போச்சு, நகத்தைக் கடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்பான். விழுந்ததுலேருந்து இருபத்தோராம் நாள், பயத்துல அவனுக்குச் சொந்தத் தங்கச்சி மக பேரே வரல. குழந்தை மாதிரி அழுதான். திருச்செல்வம் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பரவால்லடா, வரும்டா, மெதுவா யோசி"ன்னு தட்டிக் குடுத்தான். வீட்டுக்குப் போற வழியில காடிய ஓரமா நிறுத்திட்டுத் தன்னையே கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டான். திட்டி என்ன பண்றது? மறுநாளும் வந்தான்.

அந்த மறுநாள்தான் விசயம் முத்திடுச்சு. ஞாயித்துக்கிழமை, கடை லீவுங்கறதால மத்தியானமே வந்துட்டான். ரமணி தேத்தண்ணி வெச்சுட்டு அடுப்படிக்குப் போனா. கமலநாதன் தலகாணியில சாஞ்சுக்கிட்டு நிதானமாப் பேசினான்.

"நாலு மணிக்கு எங்க மேனேஜர் பார்க்க வராரு. லோரியை விட்டுடறேன்னு சொல்லப் போறேன்."

"என்னடா பேசற? ஆறு மாசத்துல கால் சரியாயிடும்லா."

"கால் இல்லடா. கொக்கி மாட்டாமலே மாட்டினேன்னு நெனக்கிறவன் நாப்பது டன் பாரத்தை ரோட்டுல கொண்டு போகலாமா? பிரேக் மிதிக்காமலே மிதிச்சேன்னு நெனச்சா? முன்னால ஸ்கூல் பஸ்ஸு போவும்டா." தண்ணி குடிச்சான். "அவரு நம்ப மாட்டாரு, என்னைச் சமாதானம் பண்ணுவாரு. நீதான் பார்த்தவன். கொக்கி மாட்டலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

அதே பொய்ய இன்னொரு தடவை, அதுவும் சாட்சியா நின்னு, கமலநாதன் பொழப்பையே மூடறதுக்குச் சொல்லணும். திருச்செல்வம் எழுந்திரிச்சு வெளிய போனான். வாசல்ல நின்ன காடி பின்கதவைத் தொறந்தான். வெயில்ல வெந்து போயிருந்த பெல்ட்டை எடுத்தான். அப்படியே காடியில ஏறி ஓடிடலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு, ஓடிட்டா பொய்யும் சொல்ல வேணாம், உண்மையும் சொல்ல வேணாம். அப்புறம் உள்ள வந்து கட்டில் மேல வெச்சான்.

"நீ மாட்டினடா. பட்டைதான் அறுந்துச்சு. உறை தைக்கறப்பவே அது பிசிறியிருந்துச்சு, நான் பார்த்தேன். உங்கிட்ட சொல்லாம மேல தைச்சு மூடிட்டேன். கீழ விழுந்து கெடந்தப்போ நீ கேட்டல்ல, பயத்துல பொய் சொல்லிட்டேன்டா."

கமலநாதன் கையை நீட்டினான். பட்டையை எடுத்தான். அறுந்த முனையை விரலால தடவினான். உறைக்குள்ள விரலை விட்டு மறு முனையை இழுத்துப் பார்த்தான். ரெண்டையும் சேர்த்து வெச்சான், சரியாப் பொருந்துச்சு. மூஞ்சி கோணிக்கிட்டு வந்துச்சு. அடிக்கப் போறான்னு திருச்செல்வம் நெனச்சான். அடிச்சா வாங்கிக்கலாம்னு நின்னான்.

"ரமணீ!" கமலநாதன் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் கொலைச்சுது. "ரமணி! நான் மாட்டியிருக்கேன்டி! மறக்கலடி! எனக்கு ஒன்னும் இல்லடி!"

ரமணி கரண்டியோட ஓடியாந்தா. அவன் சிரிக்கிறான், அழறான், பட்டையை அவகிட்ட நீட்டி நீட்டிக் காட்டறான். "க்ளிக்குன்னு கேட்டுச்சுன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேனா?" அவ அவன் தலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "சாமி, சாமி"ன்னு விசும்பினா. திருச்செல்வத்துக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சொல்லிட்டோம், தப்பிச்சோம், இனிமே எல்லாம் சரியாயிடும்னு ஒரு நிமிசம் நம்பிட்டான் அந்த மனுசன்.

கமலநாதன் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு இவனைப் பார்த்தான்.

"பட்டை அறுந்ததுக்கு உன்னை ஒன்னும் கேக்க மாட்டேன். பிரேக்குல சத்தம் வந்தும், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நானும் ஓட்டியிருக்கேன். விழுந்து கெடந்தப்போ சொன்ன பொய்யைக்கூட விட்டுடறேன், பயந்துட்ட."

"கமல்..."

"நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியேடா. எனக்கு ஒன்னும் இல்லைன்னு தெரிஞ்சே. மெதுவா யோசி, மெதுவா யோசின்னு சொன்னியே."

திருச்செல்வம் அதை அவசரமாவா, பயந்தா, கை தவறியா பண்ணினான்? ஒவ்வொரு சாயங்காலமும் குளிச்சுட்டு, சட்டை மாத்திக்கிட்டு, காடியில ஏறி வந்து பண்ணின வேலை அது.

சுவத்துக் கடிகாரத்துல மூணே முக்கால். கமலநாதன் கட்டில்லேருந்து நாக்காலிக்கு மாறி உக்காரணும்னான், படுத்துக்கிட்டு மேனேஜர்கிட்ட பேச மாட்டானாம். ரமணி ஒருத்தியால அவனைத் தூக்க முடியாது. அவ புருசனைப் பார்த்தா, அப்புறம் இவனைப் பார்த்தா.

"தூக்கி உக்கார வை," கமலநாதன் சொன்னான். "அதுக்கப்புறம் கெளம்பு. நாளைக்கு வர வேணாம்."

திருச்செல்வம் குனிஞ்சான். கமலநாதனுக்குப் பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல, இவன் கழுத்தைத்தான் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சான். நாக்காலியில உக்கார வெச்சதும் கழுத்துலேருந்து கையை எடுத்துட்டான்.