ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி

இப்போதெல்லாம் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. பார்க்கலாம் என்கிறார்கள், பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள், தோளில் கை போடுகிறார்கள். திட்டுகிறவனிடமாவது நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இந்தச் சிரிப்பு ஆசாமிகளிடம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டங்களுக்கு மேடை, நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கிடங்கு சந்தைத் தெருவில், வீடு அதன் மாடியில். அந்தத் தெருவையே இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் கட்டடம் கட்டப்போவதாகப் பெரிய கட்சிக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் சட்டசபைத் தேர்தலில் என் மருமகன் சின்னக் கட்சி சார்பில் நின்றபோது தெருவே அவர் பின்னால் போனது. பெரிய கட்சியோடு செத்தாலும் சேரமாட்டோம் என்று என் மைக்கிலேயே தொண்டை கிழியக் கத்தினார். என் மகள் ஏறாத படி இல்லை. எதிர்க் கடைப் பூட்டு ரிப்பேர்க்காரன் கடையை மூடிவிட்டு நோட்டீஸ் கொடுத்தான்.

ஓட்டு எண்ணுவதற்கு முதல் நாள் சின்னக் கட்சி ஆபீஸ் மேனேஜர் வந்தார். வெயிலோ மழையோ கக்கத்தில் குடை இருக்கும். குடைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு மேடை வேண்டும், நடுவில் இரண்டு பெரிய நாற்காலி, இரண்டும் ஒரே உயரம், நூலளவு வித்தியாசம் கூடாது என்றார். எதற்கு என்றேன். வெற்றி விழா என்றார். கல்யாண சீசன், இப்போதே சொல்லாவிட்டால் உங்களிடம் நாற்காலி மிஞ்சாதே என்று சிரிப்பு வேறு.

வெற்றி விழாவென்றால் நடுவில் ஒரு தலைவர்தானே? ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேர் கைகுலுக்கப் போகும்போதுதான் இப்படி உயரம் பார்த்துக் கேட்பார்கள்.

மறுநாள் மருமகன் ஜெயித்தார். ஆனால் ஆட்சி அமைக்க யாருக்கும் ஆள் போதவில்லை. பெரிய கட்சிக்கு நாலு பேர் குறை. சின்னக் கட்சியிடம் அஞ்சு பேர். டி.வி.யில் பேச்சுவார்த்தை, இழுபறி, முறிவு, மறுபடி பேச்சுவார்த்தை என்று ஒரே அமர்க்களம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு மருமகன் சாப்பிட வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, பெரிய கட்சியோடு சேர்கிறோம் என்றார்.

"உள்ள போனாத்தான் மாமா இடிக்கிறதைத் தடுக்க முடியும். வெளிய நின்னு கத்தினா யார் கேக்குறா?"

"எப்ப முடிவு பண்ணீங்க மாப்ளே?"

"நேத்துதான்."

"ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே குடைக்காரர் ரெண்டு நாற்காலிக்குச் சொல்லிட்டாரே."

மகள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். குடைக்காரர் எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற ஆள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் மருமகன். இருக்கலாம். தெரிந்திருந்தாலும் இதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருப்பார்.

"ஆபீஸ் மேனேஜருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா? அப்ப நான் எதுக்குங்க வீடு வீடா ஏறி இறங்கினேன்?" என்றாள் மகள்.

அவர் தண்ணீர் கேட்டார்.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். சந்தைத் தெருவை இடிக்க மாட்டோம் என்று பெரிய கட்சித் தலைவர் மேடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆட்சி அமைத்துக்கொள்ளட்டும். சொல்ல வைக்கிறேன் என்று மருமகன் மகள் தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னார். அதனால் மேடை போட்டேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் தெரு ஆட்கள் முன்வரிசையில். பெரிய கட்சித் தலைவர் மைக்கைப் பிடித்து, சந்தைத் தெரு மக்கள் என் குடும்பம், அவர்களைக் கலந்து பேசாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டோம் என்றார். கைதட்டலில் கூரை பிய்ந்தது. பூட்டு ரிப்பேர்க்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேடைக்குப் பின்னால் ஒயர் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் மருமகன் ஓடி வந்தார். கூடவே மகள்.

"கேட்டீங்களா மாமா? இப்பத் திருப்திதானே?"

"இடிக்க மாட்டோம்னு அவர் சொல்லலியே."

"அதையேதான் வேற மாதிரி சொல்றார்."

"கலந்து பேசிட்டுத் தொடுவோம்னு சொல்றார். அது வேற."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்து, சிரிப்பை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போனார்.

"ஒரு தடவை நம்பித்தான் பாருங்களேம்ப்பா," என்றாள் மகள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடையில் புருஷன் யார் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்பிக்கை என்ன சட்டையா, அடுத்தவர் சொன்னதும் எடுத்துப் போட்டுக்கொள்ள? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை காலியாக இருப்பதாகக் கேள்வி. சாமானை இப்போதே அங்கே மாற்றிவிடலாம். தெருவை இடிக்கவில்லை என்றால் நல்லது, சுமந்த கூலி ஆட்கள் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கொட்டகைக்காரரைப் பார்க்க நடந்தேன்.